கெளுத்திக்கு இரண்டு சாட்சிகள்

டொம்போர்
மே 18

என் செல்ல எமோகெவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் வேலை நடுவில் இருக்கிறேன் என்று பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால் எனக்குத் தபால்தான் சரி. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மா ஸ்ட்ராபெர்ரி ஜாம் கிளறிக்கொண்டிருக்கிறாள். டான்யூப்பில் தண்ணீர் ஏறியிருப்பதால் மீன் சரியாகக் கடிக்கவில்லை. நீ அந்த செகெத் ஊரில் இருப்பதுதான் எனக்கு ஒரே குறை. மீன் சூப்பை வடிகட்டிக் குடிக்கிறவர்கள் நடுவில் என் மகள் குடியிருக்கிறாள் என்பதை நான் இங்கே யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை 18 சனிக்கிழமை மீன் சூப் விழா, அணி அணியாகக் கொப்பரை வைத்துக் காய்ச்சும் போட்டி. நம் 'டான்யூப் கெளுத்திகள்' அணிக்கு இது இருபத்தாறாவது வருஷம், தலைவன் இப்போதும் நான்தான். போன வருஷம் பக்கத்துக் கொப்பரைக்காரன் வெந்தெல் தன் ஆட்களுக்கெல்லாம் பளபளவென்று சட்டை மாட்டி நிறுத்தினான். நடுவர்கள் நேரே அங்கேதான் போனார்கள். எங்களுக்கும் பத்தொன்பது டி-சர்ட் வேண்டும். சட்டையில் படம் அச்சடிக்கிற மகள் இருக்கும்போது வேறு யாரிடம் போய் நிற்பேன்? நம் அணியில் இருக்கிற பழைய தபால்காரன் ஓடொன் தன் போனில் தேடி அருமையான கெளுத்திப் படம் ஒன்று பிடித்திருக்கிறான். உள்ளே வைத்திருக்கிறேன். கறுப்புத் துணியில் அடித்து அனுப்பு.

ஆயிரம் முத்தங்களுடன்,
அப்பா டெஜோ

*

செகெத்
மே 23

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். ஜாம் பாட்டில் இரண்டு எனக்கு எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

ஓடொன் மாமாவின் படம் வந்தது. தபால்தலை அளவுக்கு இருக்கிறது. பெரிதாக்கினால் மீன் போய் வெறும் கட்டங்கள்தான் தெரிகின்றன. ஒவ்வொரு கலருக்கும் நான் ஒரு தனி ஸ்க்ரீன், அதாவது மை இறங்கும் வலை, போட வேண்டும். கறுப்புத் துணி என்றால் எல்லாவற்றுக்கும் அடியில் வெள்ளை வேறு. இந்தப் புகைப்படத்தில் கலர் எத்தனை என்று எண்ணக்கூட முடியவில்லை.

ஆனால் அதெல்லாம் பெரிய விஷயமில்லை. படத்தின் மூலையில் பாதி வெட்டுப்பட்ட ஒரு பெயர் இருக்கிறது, பார்த்தீர்களா? யாரோ ஒருவர் குளிர்ந்த தண்ணீரில் மூழ்கி எடுத்த படம் அது. அவரைக் கேட்காமல் அடித்தால் திருட்டு. கேஸ் வந்தால் முதலில் என் கடைக்கதவைத்தான் தட்டுவார்கள். அடிக்க மாட்டேன், அப்பா.

உங்கள்,
எமோகெ

*

டொம்போர்
மே 28

செல்ல மகளுக்கு,

பெற்ற அப்பனையே திருடன் என்று எழுதியிருக்கிறாய். அம்மா அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

ஓடொன் சொல்வதாவது: முப்பது சதவீதம் மாற்றிவிட்டால் படம் நம்முடையதாகிவிடும், அதுதான் சட்டமாம். ஆகவே கெளுத்திக்குத் தொப்பி போட்டுவிடு. போதவில்லை என்றால் கண்ணாடியும் போடு.

அதுவும் ஆகாது என்றால் நம் அணிக் கொடியில் இருக்கிறதே, மீசை வைத்த கெளுத்தி, அதையே அடி. இருபத்தாறு வருஷமாக நம்மிடம் இருக்கிற படம். புதாபெஷ்ட்டிலிருந்து வந்த ஒரு பெரிய ஓவியர் எனக்காகவே வரைந்தது. இரண்டு தட்டு சூப் குடித்துவிட்டு, உட்கார்ந்த இடத்தில் போட்டுக்கொடுத்தார். இந்த ஊருக்கே தெரியும்.

முத்தங்களுடன்,
அப்பா

*

செகெத்
ஜூன் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

முப்பது சதவீதம் என்று ஒரு சட்டமும் கிடையாது. தொப்பி போட்டாலும் அது அவருடைய மீன்தான். ஓடொன் மாமாவுக்கு என் வணக்கத்தோடு சொல்லுங்கள்.

கொடியில் இருக்கும் கெளுத்தி அருமையான யோசனை. தடித்த கோடு, மூன்றே கலர். ஸ்க்ரீனுக்கென்றே வரைந்த மாதிரி இருக்கும். ஆனால் கொடி வெளுத்துக் கிடக்கிறது, அதைப் பார்த்து என்னால் வரைய முடியாது. அசல் தாள் உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள். இன்னொன்று, ஓவியரின் பெயரும் முகவரியும் வேண்டும். தாள் உங்கள் பெட்டியில் இருக்கலாம், படத்துக்கு உரியவர் வரைந்தவர்தான். அவர் எழுத்தில் அனுமதி கொடுத்தால் அன்றைக்கே வேலையை ஆரம்பிக்கிறேன்.

எமோகெ

*

டொம்போர்
ஜூன் 7

எமோகெவுக்கு,

உன்னிடம் சட்டை கேட்டேன், நீ வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறாய். அந்த ஓவியர் ஆஸ்திரேலியா போய்விட்டார் என்று கேள்வி. பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது, வர மாட்டேன் என்கிறது. தாடி வைத்திருந்தார். அவர் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், எனக்குத் தெரியும்.

அசல் தாளை இத்துடன் அனுப்புகிறேன். தூண்டில் பெட்டியில், எண்ணெய்த் துணிக்குள் பத்திரமாக வைத்திருந்தேன். கிழிந்துவிடக் கூடாது என்று பின்பக்கம் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறேன். அதைப் பிரிக்காதே. வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பு.

அம்மா ஏனோ அடுப்பங்கரையில் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அப்பா

*

செகெத்
ஜூன் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடி ஒட்டிய தாளைப் பிரிக்கவில்லை. ஆனால் நான் எப்படி வேலை செய்வேன் என்று நீங்கள் ஒருநாளும் வந்து பார்த்ததில்லையே. என் மேசை கண்ணாடி மேசை, அடியில் விளக்கு எரியும். படத்தை அதன்மேல் வைத்துத்தான் கலர் கலராகப் பிரித்து வரைவேன்.

கெளுத்தியை வைத்து விளக்கைப் போட்டேன். அதன் வயிற்றுக்குள் இடவலம் மாறி எண்கள் தெரிந்தன. புதாபெஷ்ட் ஓவியர் ஏதோ கணக்குப் போட்டிருக்கிறார் என்று நினைத்துத் தாளைத் திருப்பி வைத்துப் படித்தேன். ஏழு பெருக்கல் எட்டு ஐம்பத்து நான்கு என்று எழுதி, பக்கத்தில் சிவப்பு மையில் தப்புக் குறி. மேலே 'கெலெமென் எமோகெ, மூன்றாம் வகுப்பு பி'.

முதலில் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த என் மீன் எங்கே என்று அன்றைக்குக் கேட்டபோது, காற்றில் பறந்து ஆற்றுக்குள் போய்விட்டது, மீன் போக வேண்டிய இடம் அதுதானே என்றீர்கள். இரண்டு நாள் கரையோரம் நடந்து தேடினேன். பிறகு மறந்தேபோனேன். கொடியில் பார்த்தபோதுகூடத் தெரியவில்லை. நீங்கள் அவ்வளவு அடித்துச் சொன்னதால், பெரிய ஓவியர் ஒருவர் வரைந்தது என்றே நம்பினேன்.

ஓவியப் பள்ளியில் சேர்ந்தபோது, "இதெல்லாம் ஒரு வேலையா?" என்றீர்கள். பதினாறு வருஷமாக விழாவுக்கு வராமல் இருப்பதற்குக் கடை வேலை காரணமில்லை, அந்த வார்த்தைதான். அத்தனை வருஷமும் என் படம் உங்கள் தலைக்கு மேலே பறந்துகொண்டிருந்திருக்கிறது.

ஒன்பது வயதுக் குழந்தை வரைந்தாலும் படம் அந்தக் குழந்தையுடையதுதான், சட்டம் அப்படி. அனுமதி தருகிறேன். ஒரே நிபந்தனை: சட்டையில் கெளுத்திக்குக் கீழே 'வரைந்தது கெலெமென் எமோகெ, வயது 9' என்று இருக்க வேண்டும்.

உங்கள் மகள்,
எமோகெ

*

டொம்போர்
ஜூன் 20

மகளே,

ஐந்தாறு நாளாக எழுத உட்கார்ந்து எழுந்துபோகிறேன். அம்மா பேச மாட்டேன் என்கிறாள். அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும்.

நடந்ததைச் சொல்கிறேன். முதல் வருஷம் கொடியை ஏற்றியபோது வெந்தெல் வந்து அண்ணாந்து பார்த்து, "யாருய்யா வரைஞ்சது?" என்று கேட்டான். என் பொண்ணு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கேட்கும்போதே அவன் சிரிக்க ஆரம்பித்திருந்தான். சின்னப்பிள்ளை கிறுக்கியது என்று சொன்னால் ஊரே சிரிக்கும் என்று பயந்துவிட்டேன். வாயில் வந்தது புதாபெஷ்ட் ஓவியர். அவன் சிரிப்பு அப்படியே நின்றது. "அதானே பார்த்தேன்" என்று போய்விட்டான். அதற்குப் பிறகு வருஷா வருஷம் அவருக்குத் தாடி வைத்து, சூப் கொடுத்து, கப்பல் ஏற்றி அனுப்பியதெல்லாம் நான்தான்.

வேலையைப் பற்றிச் சொன்னதும் தப்புதான். ஆனால் அந்த நிபந்தனை வேண்டாம், கண்ணு. அணித் தலைவன் இருபத்தாறு வருஷம் கதை விட்டான் என்று சட்டையிலேயே அடித்தால் நான் எந்த முகத்தோடு கரண்டி பிடிப்பது? சின்னதாக கெ. எ. என்று மட்டும் போட்டுவிடேன்.

அப்பா

*

செகெத்
ஜூன் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் உண்மையை எழுதியதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. இருந்தாலும் கெ. எ. ஆகாது.

ஒப்பந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். படம் யாருடையது, யார் பயன்படுத்துகிறார், பெயர் எப்படி வரும், எல்லாம் பத்து வரியில் இருக்கிறது. நம் வழக்கப்படி கீழே உங்கள் கையெழுத்தோடு இரண்டு சாட்சிகளின் பெயர், முகவரி, கையெழுத்து வேண்டும். வீட்டு ஆட்கள் கூடாது. அம்மாவைப் பிடித்துவந்து போடச் சொல்லாதீர்கள்.

ஸ்க்ரீன் எல்லாம் தயாராக இருக்கிறது, மை கலந்துவிட்டேன். ஜூலை ஐந்துக்குள் தாள் வந்தால் சட்டை உண்டு. வராவிட்டால் பழைய சட்டையோடு நில்லுங்கள், அப்போதும் எனக்குக் கோபம் வராது. இது தண்டனை இல்லை, அப்பா. மீன் யாருடையது என்று நீங்கள் நாலு பேர் முன்னால் சொல்லிக் கேட்க எனக்கு ஆசை, அவ்வளவுதான்.

எமோகெ

*

டொம்போர்
ஜூலை 2

என் செல்ல எமோகெவுக்கு,

உன் தாளின் மேல்பாதியை மடித்து, கையெழுத்து இடம் மட்டும் தெரிகிறமாதிரி எடுத்துக்கொண்டு மதியம் ஒயின் கடைக்குப் போனேன். ஓடொனிடம் நீட்டினேன். அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். "முப்பது வருஷம் கடுதாசி கொடுத்தவன்யா நான். மடிச்ச காயிதத்துல கையெழுத்து வாங்கலாம்னு பார்க்கிறியா?" என்றான். அணி ஆட்கள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். மூலையில் வெந்தெல் வேறு உட்கார்ந்திருந்தான்.

இனி எதைப் பூசி மெழுகுவது? எழுந்து நின்று பத்து வரியையும் படித்தேன். படித்து முடித்தும் உட்காரவில்லை. தாளில் இல்லாததையும் சொன்னேன். "அந்த மீன என் பொண்ணு வரைஞ்சா. ஒன்பது வயசுல. நான் அவகிட்ட கேக்காம எடுத்துட்டு, வேற எவனோ வரைஞ்சதா சொன்னேன். அதவிட நல்ல படம் இந்த ஊர்ல எவன்கிட்டயும் இல்ல."  

ஓடொன் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "இது எங்களுக்கு அப்பவே தெரியும் டெஜோ. புதாபெஷ்ட்காரன் எவன்யா உன் மீசைய அப்படிப் பார்த்து வரைவான்? உன் மக தவிர."

இருபத்தாறு வருஷமும் அத்தனை பேரும் தெரிந்தே தலையாட்டியிருக்கிறார்கள், மகளே. தாடியைப் பற்றிக் கேள்வி வேறு கேட்டிருக்கிறார்கள், பாவிகள்.

நீ இரண்டு சாட்சி கேட்டாய். அணியில் என்னைத் தவிரப் பதினெட்டுப் பேரும் போட்டிருக்கிறார்கள். இடம் போதாமல் தாளின் பின்பக்கமும் நிறைந்துவிட்டது. பத்தொன்பதாவது வெந்தெல். அவனுக்கும் ஒரு சட்டை வேண்டுமாம், கொடுக்காதே.

பெயரைச் சின்ன எழுத்தில் போடாதே. தூரத்திலிருந்து நடுவர்கள் படிக்க வேண்டும்.

ஆயிரம் முத்தங்களுடன்,
அப்பா

*

செகெத்
ஜூலை 13

அன்புள்ள அப்பாவுக்கு,

பத்தொன்பது பேர் சாட்சியோடு ஒரு கெளுத்திக்கு உரிமை கிடைத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். தாளைக் கண்ணாடி போட்டுக் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

சட்டைகள் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. முன்னால் மீன், பின்னால் என் கணக்கு. சிவப்பு மை ரோஸாலியா டீச்சருடையது என்பதால் அவருக்கும் எழுதிக் கேட்டேன். ஏழாம் வாய்ப்பாட்டை முழுதாக எழுதி அனுப்பினால்தான் அனுமதி என்றார். எழுதி அனுப்பினேன். கையெழுத்துப் போட்டுவிட்டார், சாட்சி இரண்டு.

மொத்தம் இருபத்தொரு சட்டை அடித்தேன். வெந்தெல் மாமாவுக்கு ஒன்று, கொடுத்துவிடுங்கள். பெட்டியில் இருபதுதான் இருக்கும், மீதி ஒன்று என் அளவு. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் அதைப் போட்டுக்கொண்டு வருகிறேன்.

எனக்கும் ஒரு தட்டு வையுங்கள், வடிகட்டாமல்.

உங்கள் மகள்,
எமோகெ