மூன்று இழைக் கம்பி

மச்சான்,

இன்று காலை கடையில் ஃபியூஸ் போய்விட்டது. பீங்கான் கட்டையைப் பிடுங்கி, உருகிய கம்பியைச் சுரண்டினேன். அந்தக் கருகல் நெடி மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம்தான். நீ கண்மூடி எட்டு மாதம் ஆகிறது.

சுங்கை பினாங்கில் நாம் கூட்டாகப் போட்ட சலவைக்கடை. மின்சார இஸ்திரிப்பெட்டி மூன்று வாங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று ஒரு கல்யாணத்துக்கு வெள்ளைக் கோட்டுகள் குவிந்து கிடந்தன, மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். மூன்று பெட்டியையும் விளக்கு வயரிலேயே மாட்டினேன். ஃபியூஸ் போனது. புதுக்கம்பி போட்டேன், மறுபடியும் போனது. வந்த எரிச்சலில் ஓர் இழை இருக்க வேண்டிய இடத்தில் மூன்றை முறுக்கிக் கட்டினேன். அப்புறம் அது போகவே இல்லை. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்!

துணி கொடுக்கப் போன நீ திரும்பி வந்து மோப்பம் பிடித்தாய். என் கையைப் பற்றி, பலகைச் சுவரில் ஓடிய வயர்மேல் வைத்து அழுத்தினாய். சுட்டது.

"பொட்டி ஒண்ணுக்கு மூணு ஆம்பியர், மூணுக்கு ஒம்பது. இந்த வயரு அஞ்சுதான் தாங்கும், மாப்ள. வயரு தாங்குறதப் பாத்துதான் ஃபியூஸ் போடணும். நம்ம அவசரத்துக்குப் போடக்கூடாது லா."

"பெரிய இன்ஜினியரு வந்துட்டாரு! கோட்டெல்லாம் யாரு தேய்க்கிறது?"

இரண்டாம் வகுப்போடு நின்றவன் நீ. பெட்டித் தகட்டில் இருந்த எண்களை மின்சாரக் கடையில் காட்டி, கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாய். எனக்கு அது தோன்றவே இல்லை.

மூன்று இழையையும் பிடுங்கி எறிந்தாய். ஒற்றை இழை போட்டு எனக்கு ஒரு பெட்டியை மட்டும் விட்டாய். வீட்டுப் பக்கம் போய்வந்து, பழைய கரிப்பெட்டியை ஊதி நீயே தேய்க்க நின்றாய். கோட்டுகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நான்தான் நாலு நாள் உன்னோடு பேசவில்லை.

அடுத்த மாதம் வயர் மாற்ற வந்த ஆள் பழையதைக் கழற்றினார். ரப்பர் உருகிப் பலகையில் ஒட்டியிருந்தது. அந்தப் பலகைக்கு மறுபுறம்தான் அன்று உன் தங்கை, என் மனைவி, பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். நீ அவளிடம் மூச்சு விடவில்லை. என்ன மனுஷனய்யா நீ!

பத்து வருடம் கழித்து, இன்றுதான் அவளிடம் சொன்னேன். ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டாள்:

"அதான் அண்ணன் அன்னிக்கு ஓடியாந்து செவுத்தோரம் இருந்த பிள்ளத் தொட்டில அந்தப் பக்கம் மாத்திக் கட்டுச்சா? காத்து வரலன்னுல்ல சொன்னுச்சு!"

மகள் இப்போதுதான் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள், மச்சான். பசிக்கிறது என்று கத்துகிறாள். ஃபியூஸில் ஒற்றை இழைதான் போட்டிருக்கிறேன்.