மாதிரிக்குப் போட்ட சம்பளம்

மார்ச் 4, செவ்வாய்

சம்பள உயர்வு கேட்டுவிட்டேன். மேலாளர் வழக்கம்போல "பார்க்கலாம்" என்றார். எங்களுக்குள் அவர் பெயரே 'பார்க்கலாம்'தான். ஆனால் இந்த முறை தலையையும் ஆட்டினார்.

கிடைத்தால் இரண்டு அறை வீடு. அண்ணன் வீட்டு ஹாலில் பாய் விரித்துக் கிடக்கும் அம்மாவைக் கூட்டி வந்துவிடலாம். ஃபோனில் அவளிடமும் சொல்லிவிட்டேன். அங்கே ஃபேன் வேறு ஓடவில்லையாம். "ஒரு மாசமா சொல்றேன், யாரும் காதுல போட்டுக்கல" என்றாள்.

மார்ச் 6, வியாழன்

ஆள் தேவை என்று எங்கள் இணையதளத்தில் ஒரு பக்கம் போட வேண்டுமாம். என் வேலைக்கே இன்னொருவர். பக்கத்தை அழகாக்குவது என் பாடு. உள்ளே ஓடும் நிரலை எழுதும் பக்கத்து சீட்டுக்காரர் என்னைப்போல் இரண்டு மடங்கு வாங்குகிறார். "உங்களது கண்ணுக்குத் தெரியற வேலையாச்சே, எல்லாருக்கும் ஈசியாத்தான் தோணும்" என்றார். சிரித்துவைத்தேன்.

சம்பளக் கட்டத்துக்கு இன்னும் தொகை வரவில்லை. காலியாக விட்டால் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியாது. மாதிரிக்கு என் சம்பளத்தையே அடித்துவைத்தேன். வேறு எந்தத் தொகை எனக்கு மனப்பாடம்?

மார்ச் 11, செவ்வாய்

பக்கம் அப்படியே வெளியே போய்விட்டது, என் சம்பளத்தோடு. யாருமே கவனிக்கவில்லை. நானும்தான்.

எட்டு வருடம் உழைத்து வாங்குவது ஊர் பார்க்க நிற்கிறது. பக்கத்து சீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மார்ச் 12, புதன்

மாற்றிவிடுகிறேன் என்று போய் நின்றேன்.

"தொடாதீங்க" என்றார் மேலாளர். "அந்தக் காசுக்கே நெறைய பேர் அப்ளை பண்ணியிருக்காங்க."

"சார், என்னோட இன்க்ரிமெண்ட்?"

"இதே காசுக்கு ஆள் கிடைக்கறப்ப, மேல நான் என்னன்னு சொல்லிக் கேக்கறது?"

பார்க்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை.

என் தலைல நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேனே. ஏண்டி, வெறும் சைபரா அடிச்சு வச்சிருக்கக் கூடாதா?

மார்ச் 17, திங்கள்

வேலைக்குப் போனேன். வந்தேன். அழுதேன்.

ஏப்ரல் 7, திங்கள்

புதுப்பெண் சேர்ந்தாள். படிப்பு முடிந்ததும் முதல் வேலை. என் சம்பளம்தான் அவளுக்கும். படிக்கட்டில் நின்று ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நெனச்சதவிட ஜாஸ்திம்மா." பாவம், அவள்மேல் கோபம் வரவில்லை.

சாயங்காலம் நானும் அம்மாவைக் கூப்பிட்டேன். எப்படி ஆரம்பிப்பது — இரண்டு முறை இருமினேன். அவளே முந்திக்கொண்டாள்.

"ரூமெல்லாம் எதுக்குடி எனக்கு? ஹால்லயே நல்லா காத்து வருது."

ஃபேன் ஓடுகிறதா என்று நான் கேட்கவில்லை.