மொட்டைக்குப் பிறகு எங்கன சாப்பிடலாம்

மாசி 9, வெள்ளி

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் எந்தக் கடையில் எது ருசி என்று தினமும் யாராவது கேட்பார்கள். இன்று சாயங்காலம் கேட்டது என் மகள்.

"ஞாயித்துக்கிழம கழுகுமலையில பிள்ளைக்கு மொட்ட போடுதோம். மத்தியானம் கோவில்பட்டியில எங்கன சாப்பிடலாம்? பிள்ளைக்குக் காரம் ஆகாது."

அவள் எண் எனக்கு மனப்பாடம். அவள் தானாகக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டை விட்டுப் போன அந்த வாரமே இவர் என் எண்ணை மாற்றிவிட்டார்; புது எண் அவளுக்குத் தெரியாது. இனிப் பேசமாட்டேன் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

தாய்மாமன் மடியில் வைத்து மொட்டை போட வேண்டிய பிள்ளை. அந்த மாமன், என் மகன், அடுத்த அறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

குழுவில் ஆளாளுக்கு ஒரு பிரியாணிக் கடை சொன்னார்கள். பிறந்த ஊரில் எதற்கு ஓட்டல் என்று யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு எப்படித் தெரியும்?

"ஏட்டி, என்ன ஓயாம போன நோண்டுத?" என்றார் இவர்.

"எந்தக் கடையில சாப்பாடு நல்லாருக்கும்னு கேக்காவ."

'வீட்டுக்கு வா' என்று அடித்தேன். அழித்தேன். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து மெஸ்ஸைச் சொன்னேன். 'பருப்பும் நெய்யும் தனியாகத் தருவார்கள். பிள்ளைக்கு ரசத்தைக் கலக்காமல் தெளிவாக ஊற்றச் சொல்லுங்கள்.' பெற்ற மகளுக்குச் 'சொல்லுங்கள்' என்று எழுதினேன்.

"ரொம்ப நன்றிக்கா" என்று பதில் வந்தது.

அந்த அக்காவாகவே இருந்து, பிள்ளை ஆணா பெண்ணா என்றாவது கேட்டிருக்கலாம்.