மடக்கி உழுத பயிர்

ஜனவரி 9

மறுபடியும் அதையே செய்துவிட்டார். இடுப்பளவு வளர்ந்து நின்ற தக்கைப்பூண்டை டிராக்டர் விட்டு மடக்கி உழுதாயிற்று. விற்கவும் முடியாது, தின்னவும் முடியாது. மண்ணுக்குள் அழுகி உரமாவதற்கென்றே ஒரு பயிர். அதற்கு விதை, தண்ணீர், டிராக்டர் வாடகை, அந்த மாதங்களுக்கும் சேர்த்துக் குத்தகை. சொந்த நிலமாக இருந்தால் நானே முன்னால் நின்று உழச் சொல்வேன். அடுத்தவன் நிலத்துக்கு எதற்கு இது? ஊரான் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கிற மனுஷனைக் கட்டிக்கொண்டேன்.

கேட்டால் பழமொழி சொல்கிறார். "ஊரான் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்." நம்ம பிள்ளை விடுதிச் சோறு இறங்காமல் இளைத்துப்போய் வந்து நிற்கிறாளே, அவளை எந்த ஊரான் ஊட்டுகிறான் என்று கேட்டேன். கை கால் கழுவப் போய்விட்டார்.

ஜனவரி 10

அவரோடு பேசவில்லை. அதை அவர் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

பிப்ரவரி 1

மக்காச்சோளம் விதைத்தோம். குழி போடும்போது மண் விரலிடுக்கில் பொலபொலவென்று உதிர்ந்தது. ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், மண் மாறியிருக்கிறது. இவரிடம் சொல்லவில்லை, சொன்னால் தலைகால் புரியாது.

இந்த நிலத்தை முதலில் பார்த்தபோது உப்புப் பூத்து வெள்ளை வெளேரென்று கிடந்தது. வேலிக் கருவைகூட வேண்டா வெறுப்பாக நின்றது. நிலத்துக்குச் சொந்தக்காரர் டவுனில் பைப்பும் சிமெண்டும் விற்கிறவர், நாங்கள் கடைக்காரர் என்றுதான் சொல்வோம். "அதுல ஒண்ணும் முளைக்காது. வேணும்னா எடுத்துக்கோ" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். அன்று முதல் ஒவ்வொரு வருஷமும் அறுவடை முடிந்ததும் இவர் கடைக்குப் போய் பைப்புகளுக்கு நடுவில் நிற்பார். கடைக்காரர் போனில் பேசிக்கொண்டே, "சரி, இந்த வருஷமும் பார்த்துக்கோ" என்பார். எங்கள் ஒப்பந்தம் அவ்வளவுதான்.

ஒரு தடவை நான் குத்தகைக்குக் காகிதம் கேட்டேன். "நமக்குள்ள எதுக்கு தங்கச்சி காகிதம்? நான் என்ன அந்நியனா?" என்றார். இப்படித் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர்களிடம் மேலே என்ன கேட்பது.

மார்ச் 20

பயிர் ஆள் உயரம் தாண்டிவிட்டது. பக்கத்து நிலத்துக் குத்தகைக்காரர் வந்து வரப்பில் உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காதவர், ஆனால் எதற்கும் பாயிண்ட் எடுத்துப் பேசுவார். அதனால் ஊரில் அவருக்கு வக்கீல் என்று பெயர்.

"ரோட்டோரம் நாலு வரிசைய காய விடுங்க" என்றார்.

"எதுக்கு?"

"கடைக்காரர் அந்த வழியா கார்ல போறாரு. கார்ல போறவன் ரோட்டோரத்தத்தான் பார்ப்பான். என் நிலத்தப் பாருங்க. முன்னாடி சொறி, உள்ளுக்குள்ள ராஜா. என்னோட நிலத்துக்காரர் என்னைப் பார்த்து இன்னும் பரிதாபப்பட்டுட்டு இருக்காரு."

சிரித்தோம். இவர் மட்டும், "பயிரை எப்படிங்க காயப் போடுறது" என்று எழுந்து போய்விட்டார்.

மார்ச் 24

இவருக்குத் தெரியாமல் ரோட்டோர வரிசைகளுக்குத் தண்ணீரை அடைத்தேன். வக்கீல் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

மார்ச் 26

இலை சுருட்டிக்கொண்டது. பார்க்கச் சகிக்கவில்லை. மடையைத் திறந்துவிட்டேன். நானா அவரைத் திட்டுகிறேன்? வாய்தான் காது வரைக்கும், மற்றபடி நானும் அதே லட்சணம்தான்.

ஏப்ரல் 6

வேளாண் அதிகாரி வந்தார். ரோட்டில் போனவர் பைக்கை நிறுத்தி இறங்கி வந்தாராம். சின்ன வயசு, நல்ல பையன்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் போனார். இந்த உவர் நிலத்தில் இப்படிக் கதிரா என்று வாயைப் பிளந்தார். என்ன போட்டீங்க, எப்போ மடக்கி உழுதீங்க என்று கேட்கக் கேட்க இவர் வாய் ஓயாமல் பதில் சொன்னார். வீட்டில் ஒரு வாரத்துக்குப் பேசுகிற பேச்சு அது.

இதை மாதிரி வயலாக அறிவிக்கப் போகிறார்களாம். ரோட்டோரம் போர்டு வைத்து விழா நடத்துவார்களாம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன்.

வக்கீல் கேட்டுவிட்டு, "போச்சு" என்றார். ஒரே வார்த்தை. வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 24

வயல் விழா. பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, மைக். அதிகாரி நன்றாகவே பேசினார். நல்ல விதை, நல்ல மண், தண்ணீர், ரோடு, சந்தை. "இந்த அஞ்சும் சேர்ந்தா நம்மள மாதிரி ஏழை நாடுகூட எங்கயோ போயிடும்" என்றார்.

வக்கீல் எழுந்தார். "ஆறாவது ஒண்ணு விட்டுப்போச்சு சார்."

"சொல்லுங்க."

"அடுத்த வருஷம்."

அதிகாரிக்குப் புரியவில்லை. வக்கீலே விளக்கினார். "நீங்க சொன்ன அஞ்சும் கொண்டுவரலாம் சார். உரம் இன்னைக்குப் போட்டா மண்ணு மெதுவாத்தான் எழுந்து வரும். அதுவரைக்கும் அந்த மண்ணு எங்ககிட்ட இருக்குமா?"

"நல்ல கேள்வி" என்றார் அதிகாரி. கொஞ்சம் யோசித்து, "ஆனா அது எங்க துறையில வராது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த கடைக்காரரும் சிரித்தார்.

ஆமாம், கடைக்காரரும் வந்திருந்தார். நிலம் அவர் பெயரில் இருப்பதால் அழைப்பும் அவர் பெயருக்குத்தான் போயிருக்கிறது. கேடயத்தையும் அவரிடமே கொடுத்தார்கள். இவர் பின்னால் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார். கடைக்காரர் கேடயத்தோடு வயலைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

மே 30

அறுவடை முடிந்தது. இந்த நிலத்தில் இப்படி விளைந்ததே இல்லை. மகள் போனில், "அப்பாகிட்ட குடும்மா" என்றாள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே பேசினார்.

ஜூன் 4

கடைக்குப் போய்விட்டு வந்தார்.

"என்ன சொன்னாரு?"

"பார்த்துக்கலாம், போன்னாரு."

"'பார்த்துக்கோ'வா, 'பார்த்துக்கலாம்'மா?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

ஒன்றா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வழக்கமாகச் சொல்கிற "சரி"யைக் காணோம். மறுபடி போய்த் தெளிவாகக் கேட்டு வாருங்கள் என்றேன். "துருவித் துருவிக் கேட்டா சந்தேகப்படுற மாதிரி இருக்கும்" என்றார்.

ஜூன் 11

மழை விழுந்தது. இவர் தக்கைப்பூண்டு விதைத்துவிட்டார். நான் சண்டை போடவில்லை. ஏன் போடவில்லை என்று எனக்கே தெரியவில்லை. விளைச்சலைப் பார்த்த மயக்கமாக இருக்கும்.

ஜூலை 2

கடைக்காரர் மருமகனோடு காரில் வந்தார். ஒரு பையில் கொஞ்சம் மண் எடுத்துக்கொண்டார்கள், பரிசோதனைக்காம். மருமகன் தக்கைப்பூண்டைக் காட்டி இது என்ன கீரை என்று கேட்டார். எப்போது மடக்கி உழணும் என்பதைக் கடைக்காரர் இவரிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

ஜூலை 27

மடக்கி உழுதாயிற்று.

ஆகஸ்ட் 1

கடைக்காரர் ஆள் அனுப்பி இவரைக் கூப்பிட்டார். மருமகனுக்கு விவசாயம் பண்ண ஆசையாம். அதனால் நிலத்தை விட்டுவிடணுமாம்.

ஐந்து நாள். உழுது ஐந்தே நாள். காத்துட்டு இருந்திருக்கான். பச்சைப் பயிரு மண்ணுக்குள்ள போற வரைக்கும் வாயே திறக்காம இருந்திருக்கான். பாவி. இந்த மனுஷன் என்னடான்னா தலைய ஆட்டிட்டு வந்து நிக்கிறாரு. ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? நாக்கு எங்க போச்சு?

இல்லை, அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது. வந்தவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டிய கையை எடுக்காமல் சுவரைப் பார்த்து அப்படியே நின்றார்.

ஆகஸ்ட் 2

நானே கடைக்குப் போனேன். ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார், குளிர்பானம் வரவழைத்தார். நான் குடிக்கவில்லை.

"இத்தனை வருஷமா உப்பை எடுத்தது நாங்கண்ணா."

"இல்லேங்கலயே தங்கச்சி. ஊருக்கே தெரியும். மேடையிலயே சொன்னாங்களே."

"இப்ப உழுதுட்ட பயிருக்காவது ஒரு போகம் விடுங்க. போட்டதை எடுத்துட்டுப் போயிடறோம்."

"மண்ணுல போட்டது மண்ணோட. அத எப்படிப் பிரிக்கிறது சொல்லு? உங்களை நான் கைவிட மாட்டேன். மருமகனுக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு பேரும் கூலிக்கு வந்துடுங்க."

நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். கடைசியில் வரேண்ணா என்று சொல்லிவிட்டு வந்தேன். அண்ணா என்று சொன்ன நாக்கை என்ன செய்வது.

ஆகஸ்ட் 5

அதிகாரி வீடு தேடி வந்தார். விஷயம் தெரிந்திருக்கிறது. "நான் நல்லதுக்குத்தான் பண்ணேன்க்கா" என்றார். அவர் முகமே சரியில்லை. தெரியும் தம்பி என்றேன். உண்மையிலேயே அவர்மேல் கோபம் வரவில்லை. வந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இவர் அதிகாரியிடம் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார்.

கூலிக்குப் போக வேண்டாம் என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒரே முடிவு.

ஆகஸ்ட் 22

வக்கீல் அலைந்து வேறு நிலம் பார்த்துக் கொடுத்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். உப்பு இல்லை, ஆனால் வெறும் எலும்பாகக் கிடக்கிறது. பயிர் போட்டுப் போட்டு உறிஞ்சியிருக்கிறார்கள். சொந்தக்காரி ரிட்டயர்டு டீச்சர், தனியாக இருக்கிறார். "நீங்க மண்ண எப்படிப் பார்த்துக்குவீங்கன்னு கேள்விப்பட்டேன். எத்தனை வருஷம் வேணும்னாலும் வெச்சுக்கோங்க. எழுதியும் தரேன்" என்றார்.

எழுதித் தருகிறேன் என்று அவராகவே சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவர் சரிங்க என்றார். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 29

காகிதம் வந்துவிட்டது. நீண்ட குத்தகை, கையெழுத்து, சாட்சி, எல்லாம். இவரிடம் நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "அலமாரியில வை" என்றார்.

செப்டம்பர் 3

தக்கைப்பூண்டு விதை நானே வாங்கி வந்தேன். விதைக் கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கும்போது சிரிப்பு வந்தது. என் வாயாலா? பையை இவர் முன்னால் வைத்தேன்.

"எதுக்கு இது?"

"விதைக்கத்தான். மண்ணு எலும்பா கிடக்குதுல்ல."

"ஒரு போகம் வீணாப் போகும். விக்கிறதா, திங்கிறதா? நீ சொன்னதுதானே."

"காகிதம் இருக்குங்க. அந்த அம்மா நல்லவங்க."

"நல்லவங்கதான். இல்லேன்னு யாரு சொன்னா?"

சொல்லிவிட்டு யூரியா மூட்டையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்.

செப்டம்பர் 4

மத்தியானத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார். வேலை முடிந்ததா என்றேன். "முடிஞ்சுது. உரத்தைத் தூவிட்டேன், அது போதும்" என்றார். சாப்பிட்டார். பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து, இந்த மனுஷன் என் பேச்சைக் கேட்கவே மாட்டேன் என்கிறார் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பியிருக்கிறேன். கேட்க ஆரம்பித்துவிட்டார்.