கை வைக்காமல் போனவள்

கிளேர், அயர்லாந்து
2.5.2024

என் ஜைனப் ராத்தாவுக்கு,

உங்களுக்கும் ஆமிருக்கும் என் ஸலாம். போன் கிடைக்கவேயில்லை, அதனால் எழுதுகிறேன். நான் வாடகைக்கு இருக்கும் பண்ணை வீட்டில் நேற்று வீட்டுக்காரி நோரா பாலேடு கடைந்தாள். அந்த நேரம் யார் உள்ளே வந்தாலும், வேலையை வாழ்த்தி, தாங்களும் நாலு தடவை கடைந்துவிட்டுத்தான் போக வேண்டுமாம். கை வைக்காமல் போனால் வெண்ணெயும் அவர்களோடு போய்விடுமாம். மே முதல் தேதி யாருக்கும் உப்போ நெருப்போ கொடுக்கவும் மாட்டார்கள்; அதோடு வீட்டின் பால் வளமும் போய்விடுமாம். தபால்காரர்கூடக் கடைந்துவிட்டுத்தான் போனார்! உங்கள் நெய் வியாபாரம் எப்படி?

உங்கள் ஸமீரா


தின்கன்ஜூன், யாங்கோன்
26.5.2024

அன்புத் தங்கை ஸமீராவுக்கு,

உன் கடிதம் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. மூன்று வாரமாக வெண்ணெய் திரளவில்லை. கை ஓயக் கடைந்தாலும் வெறும் நுரை. நெய் வாங்கும் கடைக்காரர் வேறு ஆள் பார்க்கப் போகிறாராம்.

பக்கத்து வீட்டுக் காளியம்மா, துணி துவைத்துக் கொடுப்பாளே, நான் கடையும் நேரம் பார்த்துத் தினமும் டீக்கு வருகிறாள். வாசற்படியில் உட்கார்ந்து பானையையே பார்க்கிறாள். மே முதல் தேதி உப்பு வாங்கிப் போனதும் அவள்தான்.

சோதித்துப் பார்க்கலாமென்று நேற்று, “கொஞ்சம் கடைஞ்சு குடேன்” என்றேன்.

கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, “நான் வேணாம் ஜைனப்பு” என்றாள்.

“கண்ணு வைக்கத்தான் வர்றியா? இனிமே இந்தப் பக்கம் வராதே” என்று சொல்லிவிட்டேன். எழுந்து போய்விட்டாள். ஆமிர் பிறந்தபோது என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடியவள்தான். இருந்தாலும் சந்தேகம் தீரவில்லை.

ராத்தா


கிளேர்
9.6.2024

ராத்தா,

நீங்கள் சிரிக்கட்டும் என்றுதான் எழுதினேன். அங்கே கரண்ட் எத்தனை மணி நேரம் வருகிறது? பிரிட்ஜ் குளிரவில்லையென்றால் பாலேடு நுரைக்கத்தான் செய்யும் என்கிறாள் நோரா. ஐஸ் வைத்துக் கடைந்து பாருங்கள். அதற்கு முன்னால் காளியம்மாக்காவைப் போய்ப் பாருங்கள்.

ஸமீரா


தின்கன்ஜூன்
30.6.2024

ஸமீரா,

முதலில் ஐஸைத்தான் வைத்தேன். அரை மணியில் திரண்டுவிட்டது. பானையை அப்படியே வைத்துவிட்டு அவள் வீட்டுக்கு ஓடினேன்.

காளியம்மா வீடு பூட்டியிருந்தது. மாவ்பியில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாளாம். நேற்று பஸ் பிடித்துப் போனேன். கையை நீட்டிக் காட்டினாள். சோப்புத் தண்ணீரில் விரலிடுக்கெல்லாம் வெடித்துப் புண்.

“நாலு பேரு திங்கிற பண்டத்துல இந்தக் கைய வைக்கலாமா?”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா, டீயத் தனிக் கப்புல ஊத்துவியோன்னு பயந்தேன்.”

நீ எழுதியது எங்கோ ஒரு ஊர்க்காரர்களின் வழக்கம். அதில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியவள் நான். அழுதேன். வீட்டுக்கு வா என்று கெஞ்சினேன்.

அவள் எழுந்து ரோட்டைப் பார்த்தாள். “கடைசி பஸ் போயிரும். கெளம்பு ஜைனப்பு.”

ஜைனப்