இல்லை என்ற கட்டம்

பீடோர்,
4 மார்ச் 2024

தம்பி விக்னேஸ்வரனுக்கு,

வாட்சாப்பில் எழுதினால் யாராவது படம்பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறாய். அதனால் தபால்தலை ஒட்டி எழுதுகிறேன்.

ஈப்போ தனியார் ஆஸ்பத்திரியில் துளசி பதினோரு நாள் படுத்திருந்ததற்குப் பணம் தரமாட்டோம் என்று உன் இன்சூரன்ஸ் கம்பெனி எழுதிவிட்டது. பழைய நோயை மறைத்துவிட்டோமாம். பதினேழு வயதிலேயே அவள் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டதை உன்னிடம் சொன்னேனா இல்லையா? மனநோய்க்கும் சேர்த்துக் கிடைக்கும் புதுத் திட்டம் என்று பீற்றிக்கொண்டு படிவத்தை நிரப்பியது நீ. மனநோய் உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்ற கட்டத்தில் குறித்ததும் நீ. சடங்கில் அவளுக்கு மாலை போட்ட தாய்மாமன் என்று நம்பி, படிக்காமல் கையெழுத்துப் போட்ட மடைச்சி நான்.

அக்கா,
கலாதேவி

ஈப்போ,
12 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள், பரவாயில்லை. "ஆம்" என்று குறித்தால் அந்தப் பேப்பர் பத்துப் பேர் கைக்குப் போகும். அதில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். பாகான் செராயில் தினேஸ்வரிக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம். அத்தை மகளுக்கு இப்படி என்று தெரிந்தால் என் பெண்ணை யார் எடுப்பார்கள்? டாக்டரிடம் வெறும் வயிற்றுக் கோளாறு, கேஸ்த்ரிக் என்று எழுதி வாங்குங்கள். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இத்துடன் எங்கள் கம்பெனி காலண்டர் வைத்திருக்கிறேன். மார்ச் மாதத்தில் என் படம்.

அன்புடன்,
விக்னேஸ்வரன்

பீடோர்,
20 மார்ச் 2024

தம்பிக்கு,

காலண்டர் கிடைத்தது. கோட்டு, டை எல்லாம் பொருத்தமாக இருக்கிறது. அடுப்படியில் மாட்டியிருக்கிறேன், தாளிக்கும்போது எண்ணெய் தெறிக்க ஏதாவது வேண்டும்.

பதினோரு நாள் கேஸ்த்ரிக்குக்கா தூங்காமல் அழுதாள்? துளசியை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டேன். கூலிக்காரன் ஆஸ்பத்திரி என்று நீ மூக்கைப் பொத்துவாயே, அதேதான். அரசாங்கம் மீதியைப் போட்டுக்கொள்கிறது, நமக்கு ஐந்து வெள்ளி. காத்திருக்கத்தான் வேண்டும். எந்தப் பிரிவு என்று கவுண்டரில் கேட்டார்கள், மனநோய்ப் பிரிவு என்று உரக்கவே சொன்னேன். பின்னால் பீடோர்க்காரர்கள் மூன்று பேர். ஒருவரும் மயங்கி விழவில்லை.

உன் கடிதத்தைத் துளசி படித்தாள். "மாமா என் நோயி பேர எழுதவே மாட்டேங்கிறாரு. அப்புறம் எப்படிமா எனக்குச் சொகமாகும்?" என்றாள். உன்னை எதிரில் நிறுத்தி அறைய வேண்டும்போல் இருந்தது.

தினேஸ்வரி கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பாதே. உன் சபையில் எங்களுக்கு வேலையில்லை.

கலாதேவி

ஈப்போ,
1 ஜூலை 2024

அக்கா,

தினேஸ்வரி மூன்று வாரமாக அறையை விட்டு வருவதில்லை. சாப்பிடுவதில்லை. கல்யாணத்தைத் தள்ளி வைத்திருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டில் டெங்கி என்று சொல்லியிருக்கிறேன். அவள் பாலிசியும் என் கிளையில்தான் இருக்கிறது, தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினால் ஆபீசில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். துளசி பார்க்கும் டாக்டர் யார்? படித்ததும் கிழித்துவிடுங்கள்.

விக்னேஸ்

பீடோர்,
4 ஜூலை 2024

தம்பி,

போன தடவை கேஸ்த்ரிக், இந்தத் தடவை டெங்கி. நீ டாக்டருக்கே படித்திருக்கலாம்.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. வெட்கப்பட வேண்டியது உன் மகள் அல்ல, நீ. அவள் உயிருக்கு ஏதாவது செய்துகொள்வாள் என்று தோன்றினால் ஒரு நிமிடமும் காத்திராதே, நேராக அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோ. இல்லையென்றால் இது கிடைத்த அன்றே அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, துளசி போகும் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதி வாங்கு. வரும் செவ்வாய் காலை ஏழு மணிக்கு நானும் துளசியும் அந்த ஆஸ்பத்திரியில் இருப்போம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. "தினேசு பக்கத்துல நான் ஒக்காந்துக்கிறேன்" என்று துளசி சொல்லச் சொன்னாள். இது அவளுக்காக, உனக்காக இல்லை.

கவுண்டரில் ஒரு படிவம் தருவார்கள். பேனா நான் கொண்டுவருகிறேன். இந்தத் தடவை நீ எந்தக் கட்டத்தில் குறிக்கிறாய் என்று பக்கத்திலேயே நின்று பார்ப்பேன்.

கலாதேவி