ஏழாம் அறையின் கறவை மாடு

அம்மாவுக்கு வணக்கம். நான் நலம், உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா?

நான் வேலை பார்க்கும் இந்த முதியோர் இல்லத்தில் ஏழாம் அறைத் தாத்தாவுக்கு உடம்பு தேறிவிட்டது. வீட்டுக்குப் போகிறேன் என்றார். மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அவர் மகளுக்குச் சொல்லிடாதம்மா, அவருதான் நமக்குக் கறவை மாடு" என்று என் தோளைத் தட்டிப் பல்லைக் காட்டினார். பிறகு அந்தத் தோளைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். அந்த மகளுக்கு நானே போன் போட்டேன்; வந்து கூட்டிப் போய்விட்டார். பயப்படாதீர்கள், சொன்னது யாரென்று மேனேஜருக்குத் தெரியாது.

இந்த மாதப் பணம் அனுப்பிவிட்டேன். எனக்கு வலித் தைலம் ஒரு புட்டி அனுப்புங்கள். மணி அடிக்கிறது, ஓட வேண்டும்.

நான் போனில் வந்தாலே தம்பி, "நம்ம வீட்டுக் கறவை மாடு லைன்ல இருக்கு" என்று கத்துகிறான். இனி வேண்டாம் என்று சொல்லுங்கள். பின்னால் நீங்கள் சிரிப்பதும் எனக்குக் கேட்கிறது, அம்மா.

உங்கள் மகள்